கலத்துக்குப் பத்து மரக்காலா, பன்னிரண்டா? வேதாகம அளவைகள் பற்றி ஒரு சந்தேகம்

தாமிரபரணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எசேக்கியேல் நடத்திக்கொண்டிருக்கிறேன். 45ஆம் அதிகாரத்தை வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்த்தபோது ஈசிசேரில் சாய்ந்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். மரக்கால் என்பது கலத்தில் பத்தில் ஒரு பங்கு என்று 11ஆம் வசனம் சொல்கிறது. அப்பா வயலிலேயே வாழ்ந்தவர். "யார் சொன்னா? கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். ரெண்டு மரக்காலை எவனோ அடிச்சிட்டான்" என்கிறார்.

சிரித்துவிட்டேன். ஆனால் அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதற்கு முந்தின வசனம்தான் சரியான மரக்கால் வைத்திருங்கள் என்று கட்டளை கொடுக்கிறது. அடுத்த வரியிலேயே கணக்கு உதைக்கிறதே? பிள்ளைகள் இதெல்லாம் கேட்கமாட்டார்கள். அப்பா விடமாட்டார்.

பழைய ஏடு எழுதியது:

சகோ, உங்கள் அப்பா சொல்வது தமிழ்க் கணக்குப்படி முழுக்கச் சரி. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எசேக்கியேல் சொல்வதும் எபிரேயக் கணக்குப்படி சரி. இடிப்பது மொழிபெயர்ப்பு.

மூலத்தில் இருப்பவை எப்பா, பாத், ஹோமர் என்ற மூன்று அளவுகள். எப்பா தானியத்துக்கு, பாத் எண்ணெய்க்கும் திராட்சரசத்துக்கும். இரண்டும் ஒரே கொள்ளளவு. இவற்றில் பத்து சேர்ந்தால் ஒரு ஹோமர். நம் மொழிபெயர்ப்பாளர்கள் எப்பாவை மரக்கால் என்றும், பாத்தை அளவுகுடம் என்றும், ஹோமரைக் கலம் என்றும் போட்டார்கள். தமிழில் புதிய ஏற்பாடு முதலில் அச்சானது 1715இல், தரங்கம்பாடியில். சுற்றிலும் நெல் விளையும் சீமை. தானியம் அளக்கும் பாத்திரம் என்றதும் மரக்கால்தான் நாக்கில் வரும். பெயர் கிடைத்தது, கணக்கு ஒட்டவில்லை.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மாற்றவும் இல்லை. யாத்திராகமம் 16இல் மன்னாவைப் பற்றிச் சொல்லும்போது ஓமரையும் எப்பாவையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். ரூத் கதிர் பொறுக்கித் தட்டினபோது அதே எப்பா மரக்கால் ஆகிவிட்டது. ஓமர் வேறு, ஹோமர் வேறு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ஓமர் எப்பாவில் பத்தில் ஒன்று, ஹோமர் எப்பாவைப் போலப் பத்து மடங்கு. ஒன்று ஒரு ஆளின் ஒருநாள் சாப்பாடு, மற்றது ஒரு கழுதைச் சுமை. கழுதைக்கு எபிரேயத்தில் ஹமோர். அளவின் பெயருக்கும் அதுதான் வேர் என்பார்கள்.

களத்துமேடு எழுதியது:

தம்பி, அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நானும் களத்தில் நின்று அளந்த வீட்டில் பிறந்தவள்தான். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டோம், "லாபம்" என்போம். இரண்டிலிருந்துதான் எண்ணிக்கை. அளக்கிற கையைப் பொறுத்து நெல் கூடும் குறையும். தலைதட்டி அளந்தால் ஒரு அளவு, கோபுரமாகக் குவித்து அளந்தால் ஒரு அளவு. மரக்காலைக் குலுக்கினால் இன்னும் ஒரு கை பிடிக்கும். கூலிக்கு அளக்கும்போது எந்தக் கை, குத்தகைக்கு வாங்கும்போது எந்தக் கை என்று ஊருக்கே தெரியும்.

அதனால் லூக்கா 6:38இல் அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி அளந்து மடியில் போடுவார்கள் என்று வரும்போது எனக்கு விளக்கவுரை எதுவும் தேவைப்பட்டதில்லை. என் கையே அந்த வசனத்தைப் படித்துவிட்டது. மரக்கால் என்று போட்டவர்களைக் குறை சொல்லாதீர்கள் ஐயா.

பழைய ஏடு எழுதியது:

குறை சொல்லவில்லை அக்கா. நீங்கள் சொன்ன இடத்தில் அந்தச் சொல் மூலத்தைவிடக்கூட நன்றாகப் பேசுகிறது. ஆமோஸ் 8:5இல் எப்போது அமாவாசை முடியும், எப்போது ஓய்வுநாள் முடியும் என்று காத்திருக்கும் தானிய வியாபாரிகள் மரக்காலைக் குறைத்து, வெள்ளியை நிறுக்கும் சேக்கல் என்ற எடையின் நிறையைக் கூட்டி ஏமாற்றுகிறார்கள். கொடுக்கும் பாத்திரம் சின்னது, வாங்கும் வெள்ளிக்கு எதிர்த்தட்டில் வைக்கும் கல் பெரியது. இரண்டு பக்கமும் திருட்டு. சந்தைக்குப் போன எவருக்கும் இது புரியும்.

லேவியராகமம் 19:36இல் "சுமுத்திரையான" தராசு, நிறைகல், மரக்கால், படி என்று வருகிறதல்லவா? அங்கே எபிரேயத்தில் இருக்கும் சொல் த்செதெக், அதாவது நீதி. நீதியின் கல், நீதியின் மரக்கால். தெய்வத்தின் குணத்துக்கும் எடைக்கல்லின் குணத்துக்கும் ஒரே சொல்தான். அளவைக்கு அடையாளப் பொருள் என்று பிற்பாடு யாரும் கொண்டுவந்து ஏற்றவில்லை, சந்தையிலேயே அது ஏறிவிட்டது.

நூல்பிடி எழுதியது:

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அடையாளம், தத்துவம் எல்லாம் பிறகு. முதலில் முழம் எவ்வளவு நீளம் என்று யாராவது சொல்லுங்கள்.

சரி, நானே சொல்கிறேன். எருசலேமில் எசேக்கியா ராஜா வெட்டியதாகச் சொல்லப்படும் சீலோவாம் சுரங்கக் கால்வாய் இருக்கிறது. இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு போய், நடுவில் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்டு, கடைசிப் பாறையை உடைத்துச் சேர்ந்த கதையை அங்கேயே சுவரில் செதுக்கி வைத்திருந்தார்கள். 1880இல் அந்தக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தண்ணீர் 1,200 முழம் ஓடியது என்கிறது. கால்வாயின் நீளம் இன்று அளந்தால் சுமார் 533 மீட்டர். வகுத்துப் பாருங்கள், முழம் 44.4 சென்டிமீட்டர். 1,200 என்பது முழு எண்ணாக ஆக்கிச் சொன்னதாக இருக்கலாம். ஆனாலும் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்துப் பார்த்தால் பொருந்துகிற எண்.

இது சாதாரண முழம், ஆறு கைப்பிடி அகலம். ஒரு கைப்பிடி என்றால் நாலு விரற்கடை. எகிப்தின் அரச முழம் ஏழு கைப்பிடி, சுமார் 52.5 சென்டிமீட்டர். எசேக்கியேல் 40:5இல் கையில் கோலோடு நிற்பவர், முழத்தோடு நாலு விரற்கடை சேர்ந்த முழத்தால் அளக்கிறார். அதாவது ஆறோடு ஒன்று, ஏழு. எந்த முழம் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் அளவைச் சொல்கிறார். எங்கள் துறையில் புலப்படத்தின் ஓரத்தில் அளவுகோலைப் போடாமல் கொடுத்தால் மேலதிகாரி திருப்பி எறிவார். அவருக்கு எசேக்கியேலைப் பிடித்திருக்கும்.

ஏழாம் எக்காளம் எழுதியது:

எல்லாரும் அளவிலேயே நின்றுவிட்டீர்கள். எண்களில்தான் இரகசியம். சாலொமோன் வார்ப்பித்த வெண்கலக் கடல்தொட்டியைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 7:23). குறுக்களவு 10 முழம், சுற்றளவு 30 முழம். பை 3 என்று ஆகிவிடும், தப்பு என்று நாத்திகர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அங்கே நூல் என்ற எபிரேயச் சொல் வழக்கத்துக்கு மாறாக ஒரு எழுத்து கூடுதலாக எழுதப்பட்டிருக்கிறது. எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண்ணையும் குறிக்கும். அப்படிக் கூட்டினால் எழுதியபடி எண்மதிப்பு 111, கூடுதல் எழுத்தை விட்டு வாசிக்கிறபடி 106. 111ஐ 106ஆல் வகுத்து 3ஆல் பெருக்குங்கள். 3.1415! இது தற்செயலா?

நூல்பிடி எழுதியது:

தற்செயல்தான் என்பேன். எந்த இரண்டு எண்ணை எடுப்பது, எதை எதால் வகுப்பது என்று விடை தெரிந்தபின் தேர்ந்தெடுத்தால் எதுவும் வரும்.

எழுத்தை எண்ணுமுன் அடுத்த வசனங்களைப் படியுங்கள். தொட்டியின் கனம் நாலு விரற்கடை, விளிம்பு லீலிப்பூப் போல விரிந்தது என்று 26ஆம் வசனம் சொல்கிறது. விளிம்புக்கு விளிம்பு 10 முழம் என்றால் இரண்டு பக்கக் கனத்தையும் கழித்தால் உள் விட்டம் 9.67 முழம், அதன் சுற்றளவு 30.4. சொச்சத்தை விட்டுச் சொன்னால் 30. அல்லது விரிந்த விளிம்பில் விட்டத்தையும், அதற்குக் கீழே உடம்பைச் சுற்றி நூலையும் பிடித்திருக்கலாம். பாத்திரக்கடைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

உண்மையான சிக்கல் வேறு. 1 இராஜாக்கள் அந்தத் தொட்டி 2,000 பாத் பிடிக்கும் என்கிறது. 2 நாளாகமம் 4:5 அதே தொட்டிக்கு 3,000 என்கிறது. அதைப் பேசுங்கள்.

ஏழாம் எக்காளம் எழுதியது:

சரி ஐயா, 111ஐ விட்டுவிடுகிறேன். ஆனால் எண்ணுக்குப் பொருளே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழைய ஏடு எழுதியது:

யாரும் அப்படிச் சொல்லவில்லை தம்பி. உங்கள் ஆர்வம் சரி, தேடும் இடம்தான் தப்பு. எழுத்தின் எண்மதிப்பில் தேடவேண்டாம், அளவுகளின் விகிதத்தில் தேடுங்கள்.

சாலொமோன் ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம் 20 முழ நீளம், 20 முழ அகலம், 20 முழ உயரம் (1 இராஜாக்கள் 6:20). ஆலயத்தின் மொத்த உயரம் 30 முழம். அந்த ஒரு அறையை மட்டும் 20இல் நிறுத்திக் கனசதுரமாக்கியிருக்கிறார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 21:16இல் புதிய எருசலேம் இறங்கி வருகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம், ஒவ்வொன்றும் 12,000 ஸ்தாதி. இன்றைய கணக்கில் 2,200 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு உயரமான நகரத்தில் யார் எப்படி ஏறுவது என்று கேட்பவர்கள் உண்டு. பிரதான ஆசாரியர் மட்டும், அதுவும் வருடத்தில் ஒரே நாள் நுழைந்த அந்த அறைதான் இங்கே நகரமாக விரிந்திருக்கிறது. அதனால்தான் அந்த நகரத்தில் ஆலயத்தைக் காணவில்லை என்று 22ஆம் வசனம் சொல்கிறது. நகரம் முழுவதும் உள்ளறையாகிவிட்டது, தனியாக ஆலயம் எதற்கு? மூன்று பக்கமும் சமம் என்று அளந்து காட்டியிராவிட்டால் இது யாருக்கும் புரிந்திருக்காது.

நோவாவின் பேழையையும் பாருங்கள். 300க்கு 50 முழம், மூன்று தளம். ஒரு தளம் 15,000 சதுர முழம். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் பிராகாரம் 100க்கு 50, அதாவது 5,000. ஒரு தளத்தில் மூன்று பிராகாரம் அடங்கும். பேழையின் உயரம் 30 முழம், தளத்துக்குப் பத்து. கூடாரப் பலகையின் உயரமும் பத்து முழம். எழுதினவர் வேண்டுமென்றே செய்தாரா என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் கண்ணில் பட்டபின் மறக்கவும் முடியவில்லை.

அரைச்சேக்கல் எழுதியது:

கணக்காளர் என்ற முறையில் எனக்குப் பிடித்த பகுதி யாத்திராகமம் 38. யாரும் பிரசங்கம் பண்ணாத அதிகாரம், வரவு செலவுக் கணக்கு.

ஜனத்தொகை எடுக்கும்போது தலைக்கு அரைச் சேக்கல் வெள்ளி கொடுக்கவேண்டும். ஐசுவரியவான் அதிகம் கொடுக்கக்கூடாது, தரித்திரன் குறைக்கக்கூடாது (30:15). எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். வசூல் 100 தாலந்து, 1,775 சேக்கல். தணிக்கை செய்து பார்ப்போம். 6,03,550இல் பாதி 3,01,775 சேக்கல். ஒரு தாலந்து 3,000 சேக்கல் என்றால் 100 தாலந்துக்கு 3,00,000, மீதி 1,775. ஒரு சேக்கல்கூட இடிக்கவில்லை. தாலந்து என்பது 3,000 சேக்கல் என்று நமக்குத் தெரிவதே இந்தக் கணக்கிலிருந்துதான்.

அந்த வெள்ளி எங்கே போனது? 100 தாலந்தில் 100 பாதங்கள் வார்த்தார்கள், பாதத்துக்கு ஒரு தாலந்து. ஒரு தாலந்து என்றால் 6,000 பேரின் அரைச் சேக்கல். பரிசுத்த ஸ்தலத்தின் பலகைகளும் திரைத் தூண்களும் அந்தப் பாதங்கள்மேல்தான் நின்றன. பணக்காரன் வெள்ளி எது, ஏழை வெள்ளி எது என்று உருக்கினபின் யாரால் பிரிக்கமுடியும்?

அரைச் சேக்கலுக்கு எபிரேயத்தில் பெக்கா என்று பெயர். அந்தப் பெயர் பொறித்த சின்ன எடைக்கல் ஒன்று எருசலேமில் தோண்டிய மண்ணைச் சலித்தபோது 2018இல் கிடைத்தது. யூதாவின் எடைக்கற்களை வைத்துச் சேக்கல் 11.3 கிராம் சொச்சம் என்று கணிக்கிறார்கள்.

களத்துமேடு எழுதியது:

அப்படியானால் எங்கள் சபையில் பிள்ளைகளுக்குத் "தாலந்துப் போட்டி" நடத்துகிறோமே, ஒரு தாலந்து எத்தனை கிலோ தம்பி?

அரைச்சேக்கல் எழுதியது:

முப்பத்துநாலு கிலோ வரும் அக்கா. பாட்டுப் பாடுகிற பிள்ளையால் தூக்கமுடியாது.

தாமிரபரணி எழுதியது:

நான் கேட்டது மரக்கால், வந்திருப்பது பொக்கிஷம். ஒரு கேள்வி கூடுதலாக. எண்ணுவதும் அளப்பதும் நல்லது என்றால், தாவீது ஜனங்களை எண்ணினபோது ஏன் கொள்ளைநோய் வந்தது?

பழைய ஏடு எழுதியது:

அரைச் சேக்கலை எதற்காகக் கொடுத்தார்கள் என்று யாத்திராகமம் 30:12 சொல்கிறது. எண்ணும்போது வாதை வராதபடிக்கு, உயிருக்கு மீட்பாக. அளக்கிறவன் அளக்கப்படுகிறதற்கு உடைமைக்காரன் என்று அந்தக் காலத்தில் பொருள். தன்னுடையதல்லாததை அளந்தால் ஆபத்து. தாவீது மீட்புப்பணம் வாங்கினதாக 2 சாமுவேல் 24இல் ஒரு வார்த்தை இல்லை.

அளவுநூல் என்ற ஒரே பொருள் எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். நிலத்தைப் பங்கு பிரிக்க நூல் போடுவார்கள். எபிரேயத்தில் ஹெவெல் என்றால் கயிறு, பங்கு என்றும் பொருள். நேர்த்தியான இடங்களில் எனக்குப் பங்கு கிடைத்தது என்று சங்கீதம் 16:6 பாடும்போது மூலத்தில் விழுவது கயிறுதான். அதே கயிற்றைத் தாவீது 2 சாமுவேல் 8:2இல் மோவாபியரைத் தரையில் படுக்கவைத்து அவர்கள்மேல் போடுகிறார். இரண்டு கயிறளவு ஆட்கள் சாவுக்கு, ஒரு கயிறளவு ஆட்கள் உயிருக்கு. படிக்கவே கூசுகிறது. 2 இராஜாக்கள் 21:13இல் சமாரியாவின்மேல் பிடித்த நூலை எருசலேமின்மேல் பிடிப்பேன் என்கிறார் கர்த்தர். அங்கே நூல் என்றால் இடிப்பு. சகரியா 2இல் ஒருவன் எருசலேமை அளக்க நூலோடு கிளம்புகிறான், அவனை ஓடிப்போய் நிறுத்தச் சொல்கிறார்கள். ஜனம் பெருகப்போகிறது, மதில் இல்லாத ஊராக இருக்கும், அளக்காதே என்று.

நூல்பிடி எழுதியது:

நாற்பது வருடம் சங்கிலி பிடித்தவன். அளக்காதே என்று வேதத்தில் ஒரு இடம் இருப்பது இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது.

பழைய ஏடு எழுதியது:

தலைப்புக்குத் திரும்பி ஒன்று சொல்லிவிடுகிறேன். மரக்கால் என்று போட்டதில் கிடைத்ததை அக்கா சொன்னார்கள். இழந்ததும் உண்டு.

மத்தேயு 13:33இல் ஒரு ஸ்திரீ புளித்த மாவை மூன்றுபடி மாவிலே அடக்கி வைக்கிறாள். நமக்கு மூன்று படி மாவு என்றால் பெரிய குடும்பத்துக்கு ஒரு வேளை. மூலத்தில் இருப்பது மூன்று சேயா. மூன்று சேயா ஒரு எப்பா, சுமார் 22 லிட்டர். ஒரு வீட்டுக்காரி தனியாகப் பிசையும் மாவா அது? ஊருக்கே பந்தி போடலாம். ஆதியாகமம் 18:6இல் மூன்று விருந்தாளிகள் வந்ததும் ஆபிரகாம் சாராளிடம் சுடச்சொன்னதும் அதே மூன்றுபடிதான். கிதியோன் தேவதூதனுக்குச் சமைத்ததும் ஒரு எப்பா மாவு. தெய்வத்துக்கு விருந்து வைக்கிற அளவு என்றே சொல்லலாம். ஆதியாகமத்துக்கும் மத்தேயுவுக்கும் உள்ள உறவு தமிழில் தெரிகிறது, இரண்டிலும் மூன்றுபடி. ஆனால் கிதியோனுக்கு "ஒரு மரக்கால்" என்று போட்டார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு மரக்கால் எட்டுப் படி. மூன்று சேயாவும் ஒரு எப்பாவும் ஒன்று என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஏசாயா 5:10இல் மட்டும் வேறுவிதம். ஒரு கல விதை ஒரு மரக்கால் தரும் என்கிறது. எபிரேயத்தில், விதைத்ததில் பத்தில் ஒன்றுதான் திரும்பி வரும். தமிழ்க் கணக்கில் பன்னிரண்டில் ஒன்று. தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, கடவுளுக்குக் கொடுக்காதவனிடம் நிலம் தசமபாகத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கிறது என்று அதில் ஒரு குத்தல் கேட்கிறது எனக்கு. பன்னிரண்டில் ஒன்று என்றால் அந்தக் குத்தல் போய்விடும்.

களத்துமேடு எழுதியது:

கல விதை போட்டு மரக்கால் கண்டால் பத்தோ பன்னிரண்டோ, வீட்டில் உலை ஏறாது ஐயா. அது புரிந்தால் போதாதா?

பழைய ஏடு எழுதியது:

பாதி புரியும் அக்கா. மீதிப் பாதிக்காகத்தான் வீம்பு பிடிக்கிறேன்.

ஏழாம் எக்காளம் எழுதியது:

தானியேல் 5ஐ யாரும் தொடவில்லையே! சுவரில் எழுதின மெனே, தெக்கேல், பெரேஸ் மூன்றும் எடைகளின் பெயர்கள் என்று பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன் கன்னோ 1886இல் சொன்னார். மினா, சேக்கல், அரை மினா. பாபிலோன் ராஜா பெல்ஷாத்சாரின் விருந்துச் சுவரில் எழுதியிருந்தது கடைக்காரன் விலைச்சீட்டு மாதிரி! தானியேல் அந்தப் பெயர்களை வினையாக மாற்றி, எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டது, பிரிக்கப்பட்டது என்று வாசித்தார். இதை ஒத்துக்கொள்வீர்களா நூல்பிடி ஐயா?

நூல்பிடி எழுதியது:

இதை ஒத்துக்கொள்கிறேன். இதில் வகுத்தல் பெருக்கல் இல்லை.

தாமிரபரணி எழுதியது:

நேற்று எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பரணிலிருந்து எங்கள் வீட்டுப் பழைய மரக்காலை இறக்கச் சொன்னார். எங்கள் பக்கம் நாலு படி மரக்கால். தண்ணீர் பாட்டிலால் அரிசியை அளந்து கொட்டினேன், தலைதட்டி ஆறு லிட்டர் பிடித்தது. அப்படியானால் எப்பா 22 லிட்டர் என்பது எங்கள் மரக்காலில் மூன்றரைக்கு மேல். எங்கள் கலம் 72 லிட்டர், எசேக்கியேலின் கலம் 220.

அப்பா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "அப்போ ரெண்டு மரக்காலை யாரும் அடிக்கலை" என்று ஒத்துக்கொண்டார். பிறகு, "இருநூத்தியிருபது லிட்டர் கோதுமையை ஒரு கழுதை மேலயா ஏத்துனாங்க?" என்று கேட்டார். ஆமாம், பெயர்க்காரணம் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன்.

"நூத்தியறுபது கிலோவுக்கு மேல வரும்லே. சுமுத்திரையான மரக்கால் கேட்ட மனுஷன் கழுதையையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மரக்காலைத் துடைத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அதை நான் எடுத்துப் போகவேண்டுமாம். அவரும் வருகிறாராம்.